'ராக் பாட்டம்': விபத்துக்கு முன்னும் பின்னும்

ராபர்ட் வயட்டின் 'ராக் பாட்டம்' (1974) இசைத்தொகுப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றனர்: டிரம்ஸ் கலைஞர் ஒருவர் மாடியிலிருந்து விழுந்தார், கால்கள் செயலிழந்தன, அத்துயரத்திலிருந்து ஓர் அரிய இசை பிறந்தது. கதை உருக்கமானது, ஆனால் காலவரிசை அதற்கு இடங்கொடுக்கவில்லை.

வயட், 1966இல் இங்கிலாந்தில் தோன்றிய சாஃப்ட் மெஷின் குழுவின் டிரம்ஸ் கலைஞரும் பாடகரும் ஆவார். ராக்கிலிருந்து ஜாஸை நோக்கி நகர்ந்த அக்குழுவில் இருந்தபோதே, 1970இல் 'தி எண்ட் ஆஃப் அன் இயர்' என்ற தனித்தொகுப்பை வெளியிட்டார். ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவன்ஸின் ஆக்கம் ஒன்றை அதில் சொற்களற்ற குரல்களைக் கொண்டு மறுவார்ப்புச் செய்தார். குரலைக் கருவியாகக் கையாளும் முயற்சி விபத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

1973இன் தொடக்கத்தில், துணைவி ஆல்ஃபிரீடா பெஞ்ச் (ஆல்ஃபி) திரைப்படப் பணிக்காக வெனிஸில் தங்கியிருந்தார். உடனிருந்த வயட்டுக்கு அவர் சிறிய கீபோர்டு ஒன்றை வாங்கித் தந்தார். 'ராக் பாட்டம்' பாடல்கள் உருப்பெறத் தொடங்கியது அதில்தான். 1973 ஜூன் 1 அன்று லண்டனில் நடந்த விருந்தொன்றில், மதுமயக்கத்தில் இருந்த வயட் சன்னல் வழியே கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழ் உடல் செயலிழந்தது. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற மாதங்களில், பார்வையாளர் அறையிலிருந்த பியானோவில் அதே பாடல்களைத் தொடர்ந்தார்.

அப்படியானால் விபத்து மாற்றியது எதை? டிரம்ஸ் தொகுதியில் பாஸ் டிரம்மையும் ஹை-ஹேட்டையும் இயக்குபவை கால்கள். அவ்வழி அடைபட்டதும், காலத்தை அளக்கும் பொறுப்பு வேறிடம் சென்றது. 'அலிஃபிப்' பாடலில் சீராக மீளும் மூச்சொலியே தாளமாகிறது. ஆல்ஃபியின் பெயரிலிருந்து கிளைத்த அசைகள் மழலைபோல் உதிர்கின்றன. பொருள் தேயத் தேய ஒலியனும் சந்தமும் மேலெழும் இப்பகுதி, மொழியியல் மாணவர்கள் கூர்ந்து கேட்கத்தக்கது. அடுத்து வரும் 'அலைஃப்' முடிவில் ஆல்ஃபியே பேசுகிறார். தம்மீது சுமத்தப்பட்ட பெயர்களை மெல்லிய கண்டிப்புடன் மறுக்கிறார்.

இது தனியொருவரின் துயரக் குரலும் அன்று. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் இதைத் தயாரித்தார். நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறிய மொங்கேசி ஃபேசாவின் டிரம்பெட்டும், கேரி விண்டோவின் சாக்ஸஃபோனும் இதன் ஜாஸ் முகத்தை வரைந்தன. தொகுப்பு வெளியான ஜூலை 26 அன்றே வயட்டும் ஆல்ஃபியும் மணந்துகொண்டனர்; அவ்வாண்டே பிரான்சின் ஷார்ல் க்ரோ பரிசும் கிட்டியது.

அதே 1974இல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் வயட் பாடவிருந்தபோது, சக்கர நாற்காலி குடும்பத்தினர் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் பொருந்தாது என்று தயாரிப்புத் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. அவர் விட்டுக்கொடுக்காமல் சக்கர நாற்காலியிலேயே அமர்ந்து பாடினார்.

ஊனத்தை மறைக்கச் சொன்ன அந்தப் பார்வையும், படைப்பு முழுவதற்கும் ஊனத்தையே காரணமாக்கும் வியப்புரையும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். இரண்டிலும் கலைஞரின் உழைப்பு கணக்கில் வருவதில்லை. கலைஞரின் வாழ்க்கையைக் கொண்டு படைப்பை விளக்க முனையும் ஆய்வாளர்கள், முதலில் இரண்டின் தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நலம்.