இரக்கம் சென்ற வழி: தாது வருடப் பஞ்சமும் அயல்நாட்டு உதவியும்

அயல்நாடுகளில் நேரும் இயற்கைப் பேரிடர்களுக்கு மக்கள் இரங்குவதிலும் கொடுப்பதிலும் காணப்படும் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசும்போது, நாம் பெரும்பாலும் கொடுப்போரின் இடத்தில் நின்றே பேசுகிறோம். எந்த நாட்டிற்கு எவ்வளவு அனுப்பினோம், எதனை மறந்தோம் என்பதே நம் கேள்வியாக அமைகிறது. ஆனால் நம் முன்னோர் பெறுவோராக நின்ற காலம் ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தை, அது தொடங்கிய தமிழாண்டின் பெயரால் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் வழங்கினர். அப்போது இங்கிலாந்தின் நகரத்தாருக்குச் சாத்தூரும் திருத்தங்கலும் சேலமும் பெல்லாரியுமே கடல் கடந்த அயல்நாடு. உதவி யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை அந்தப் பஞ்சத்தைக் கொண்டு ஆராய்வது நமக்கு இன்றியமையாதது என்று கருதுகிறோம்.

திருத்தங்கலைச் சிலப்பதிகாரம் நீர்வளமும் கழனியும் உடைய ஊராகப் பேசுகிறது. அக்காலத்து நிலைமை எதுவாயினும், கடந்த இரு நூற்றாண்டுகளாக நாம் அறிந்துள்ள திருத்தங்கல் வானம் பார்த்த கரிசற்பூமியின் நடுவே நிற்கும் ஊராகும். இன்று அவ்வட்டாரத்தை வாழ்விக்கும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களில் எதுவும் அன்று இல்லை. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பின்னரே அத்தொழில் இங்கு வேரூன்றிற்று. 1876இல் இப்பகுதி திருநெல்வேலி ஜில்லாவின் வடகோடி. பருத்தியும் சோளமும் கம்புமே அதன் வாழ்வு. மழை பொய்த்தால் மாற்று வழி கிடையாது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சாத்தூர் வழியாக இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் 1876இல்தான். இருப்புப்பாதை வந்துவிட்டதால் இனிப் பஞ்சம் இராது என்று நம்பியோர் ஏமாந்தனர். தானியம் பசி மிகுந்த இடத்தை நாடிச் செல்லவில்லை. விலை மிகுந்த இடத்தை நாடியே சென்றது.

அரசின் போக்கையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, சர் ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து பேரளவில் அரிசி வரவழைத்து மக்களைக் காத்தார். பட்டினிச்சாவு மிகக் குறைவாயிற்று. அதற்காக அவரைப் பாராட்டியிருக்க வேண்டும். ஆனால் வீண்செலவு செய்தார் என்று தூற்றினர். அதே டெம்பிளை 1877இல் வைஸ்ராய் லிட்டன் மதராசுக்கு அனுப்பினார். இம்முறை அவர் கைசெறித்தார். நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று வகுத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று மதராஸ் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வன்மையாக எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் அவ்விதி கைவிடப்பட்டது. ஆயினும் அந்தச் சில மாதங்களே பலரைக் கொன்றன. மதராஸ் மாகாணத்தில் மட்டும் இப்பஞ்சத்தில் மாண்டோர் முப்பது லட்சத்திற்குக் குறையார்.

இங்கிலாந்தின் மக்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தனர்? 1876ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர்கள் உள்ளத்தை முழுவதும் ஈர்த்திருந்தது பல்கேரியா. துருக்கியரால் அங்குக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது; செப்டம்பரில் கிளாட்ஸ்டன் தம் புகழ்பெற்ற துண்டுநூலை வெளியிட்டார்; ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. பல்கேரியரின் துயரம் சிறிதன்று. எனினும் அதே மாதங்களில் தம் சொந்தப் பேரரசின் குடிகள் லட்சக்கணக்கில் ஊர்களை விட்டு வெளியேறிக்கொண்டிருந்ததை அம்மக்களுக்கு எடுத்துச் சொல்வார் இலர்.

சொல்வார் கிடைத்தது 1877 ஆகஸ்டில். அம்மாதம் 4ஆம் நாள் மதராசில் ஒரு பொதுக்கூட்டம் கூடி, இலண்டன் நகரத் தலைவருக்கும் பிற நகரத் தலைவர்களுக்கும் உதவி வேண்டித் தந்தி அடித்தது. தம்மைக் கேளாமல் இவ்வாறு செய்ததை லிட்டன் விரும்பவில்லை. ஆனால் தந்தி போய்விட்டது! மேன்ஷன் ஹவுஸ் நிதி தொடங்கப்பட்டது. மதராஸ் டைம்ஸ் இதழின் ஆசிரியர் வில்லியம் டிக்பி மதராஸ் நிவாரணக் குழுவின் செயலாளராயிருந்து, இங்குள்ள நிலையை இடைவிடாது எழுதினார். சில மாதங்களுக்குள் 6 லட்சம் பவுனுக்கும் மேற்பட்ட தொகை சேர்ந்தது. அக்காலத்தில் ஒரு தொலைநாட்டிற்காக இவ்வளவு பெருந்தொகை சேர்ந்தது அரிய செய்தி. அதனைக் கொடுத்தோரில் லங்காஷயர் ஆலை நகரங்களின் மக்களும் இருந்தனர்.

லங்காஷயரின் பெயர் நம் கரிசற்பூமிக்குப் புதியதன்று. 1861-65இல் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று லங்காஷயர்த் தொழிலாளர் பட்டினி கிடந்தபோது, சாத்தூர், விருதுபட்டிப் பக்கத்துப் பருத்தி என்றுமில்லாத விலைக்கு விற்றது. அவர்கள் பசி நமக்கு வளமாயிற்று என்றே சொல்ல வேண்டும். அப்போது லங்காஷயர் நிவாரணத்திற்கு இந்தியாவிலிருந்தும் பணம் சென்றது. அதற்கும் முன்னர், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியபோது, முதலில் உதவி திரட்டிய வெளியூர்களுள் ஒன்று கல்கத்தா. அங்கிருந்த அயர்லாந்துப் படைவீரரும் ஆங்கில அதிகாரிகளும் இந்தியச் செல்வரும் சேர்ந்து கொடுத்தனர். இவற்றையெல்லாம் நோக்கும்போது, உதவி கப்பலும் கடிதமும் சென்ற தடத்திலேயே சென்றதைக் காண்கிறோம். வாணிகம், ஆட்சி, சமயம் ஆகிய ஏதேனும் ஒரு கயிறு இரு ஊர்களைப் பிணைத்திருந்தால்தான் இரக்கம் அதைப் பற்றிக்கொண்டு சென்றது.

கயிறு இல்லாத இடத்தில் நேர்ந்ததை அறியச் சீனத்தை நோக்கலாம். நம் பருவமழை பொய்த்த அதே ஆண்டுகளில் வட சீனத்திலும் மழை பொய்த்தது. பசிபிக் பெருங்கடலின் நீர்ப்பரப்பு வெப்பம் மிகுந்ததால் இரு நாடுகளும் ஒருங்கே வறண்டன என்று இன்றைய அறிவியலார் விளக்குகின்றனர். 1876 முதல் 1879 வரை வட சீனத்தின் ஐந்து மாகாணங்களில் மாண்டோர் தொகை தொண்ணூறு லட்சத்திற்கும் மேல் என்பர். அதாவது மதராஸ் மாகாணத்தில் இறந்தோரைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு. தீமோத்தி ரிச்சர்டு என்னும் பாப்டிஸ்டு மிஷனெரி ஷான்டுங், ஷான்ஸி மாகாணங்களில் ஊர் ஊராகச் சென்று நிவாரணம் அளித்தார், கடிதங்களும் எழுதினார். ஆயினும் இலண்டனில் சீனத்திற்குச் சேர்ந்த தொகை மதராசுக்குச் சேர்ந்ததில் மிகச் சிறிய பங்கேயாகும். சீனர் பிரிட்டிஷ் குடிகளல்லர். அவர்களுக்காகத் தந்தி அடிக்க ஓர் ஆங்கில ஆளுநரும் இல்லை.

மதராஸ் மாகாணத்திற்குள்ளும் இதே கதைதான். உயிர் காப்பது அரசின் கடமை, தருமப் பணம் அதில் தலையிடலாகாது என்று விதித்தமையால், நிதியின் பெரும்பகுதி விதைக்கும் உழவு மாட்டிற்கும் வீட்டுக் கூரைக்குமாகப் பயிரிடும் குடிகளுக்கு அளிக்கப்பட்டது. நிலமற்ற கூலிக்காரரே மிகுதியாக மாண்டனர். விதைப்பதற்கு நிலமே இல்லாதவனுக்கு விதைப்பணம் எதற்கு? அவர்களுள் பல்லாயிரவர் 1877இல் தூத்துக்குடி முதலிய துறைகளின் வழியே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர்.

இனி, நம் திருச்சபையின் கதைக்கு வருவோம். திருநெல்வேலி ஜில்லா மிகக் கொடிதாகத் தாக்கப்பட்ட ஜில்லாக்களில் ஒன்றன்று. பெல்லாரியும் கர்நூலும் சேலமும் பட்ட பாட்டிற்கு இது ஈடாகாது. தாமிரபரணி பாயும் தெற்கைவிட வறண்ட வடபகுதி மிகுதியாக இடருற்றது என்பது உண்மையே. ஆனால் மிஷனெரிகள் மிகுந்திருந்த ஜில்லா இது. 1854இல் ராக்லண்டு தம் தோழர்களுடன் தொடங்கிய வட திருநெல்வேலி ஊழியத்தால் சிவகாசி வட்டாரம் இங்கிலாந்தின் மிஷன் இதழ்களில் இடம்பெற்றிருந்தது. அவர் 1858இல் சிவகாசியிலேயே மரித்தார். கால்டுவெல்லும் சார்ஜெண்டும் 1877 மார்ச்சில், பஞ்சத்தின் நடுவே, பேராயர்களாக அபிஷேகம் பெற்றனர். அவர்கள் எழுதிய வேண்டுகோள்களுக்குச் சங்கங்களின் வாயிலாகப் பணம் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பல்லாயிரவர் சபைகளை நாடி வந்தனர். அவர்களை அரிசிக் கிறிஸ்தவர் என்று ஏளனம் செய்வது எளிது. பசித்தவன் தனக்குச் சோறிட்டவரின் கடவுளை அறிய விரும்புவதில் இழுக்கு என்ன என்று நாம் கேட்போம். ஒங்கோலில் அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனெரி கிளவ், பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை ஏற்றுப் பசித்தோருக்கு வேலை கொடுத்தார்; நிவாரணம் நடந்த மாதங்களில் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அது முடிந்த பின்னர், 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். இது நேர்மையான நடைமுறை. ஆயினும் கிளவ் போன்ற ஒருவர் இல்லாத ஊர்களில் கால்வாயும் இல்லை, கூலியும் இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகளின் 11ஆம் அதிகாரத்தில் ஒரு குறிப்பு நம் கவனத்திற்குரியது. அகபு முன்னறிவித்த பஞ்சம் யூதேயாவுக்கு மட்டும் உரியதன்று. உலகமெங்கும் வரும் என்றே அவன் கூறினான். அப்படியானால் அந்தியோகியாவும் அதற்கு விலக்கன்று. எனினும் அச்சபையார் யூதேயாவிலுள்ள சகோதரருக்கே அனுப்பினர். அந்தியோகியாவிற்கும் எருசலேமிற்கும் இடையில் பசித்திருந்த மற்றோரைப் பற்றி லூக்கா ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடைவெளியை நம் விளக்கவுரைகள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

அண்மைக் காலத்திலும் இரக்கம் பழைய தடத்திலேயே செல்கிறது. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. தாய்லாந்தின் கடற்கரையில் விடுமுறையிலிருந்த ஐரோப்பியர் பலரைக் கொண்டுபோயிற்று. சுவீடன் நாட்டார் மட்டும் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலை வந்த காட்சியை உலகம் முழுதும் தொலைக்காட்சியில் கண்டது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,000 டாலருக்கு மேல் உதவி சேர்ந்ததென்றும், அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் செலவிடப்பட்டது தலைக்கு 3 டாலர் என்றும் சுனாமி உதவியை ஆராய்ந்த பன்னாட்டுக் கூட்டமைப்பு கணக்கிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் 8இல் காஷ்மீர் நிலநடுக்கத்தில் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டபோது, குளிர்காலம் நெருங்கியும் ஐக்கிய நாடுகளின் வேண்டுகோளுக்குத் தொடக்க வாரங்களில் பணம் வரவில்லை. நாகப்பட்டினக் கரையிலோ, இழந்த படகுகளுக்கு மேலாகவே படகுகள் வந்தன. அலையில் கூலிவேலை இழந்த தலித் மக்களும் இருளரும் பட்டியல்களில் இடம்பெறப் போராட வேண்டியிருந்தது. 1877இன் விதைப்பணத்தை இது நினைவூட்டுகிறது.

வட திருநெல்வேலிச் சபைகளின் பழைய கணக்கேடுகள் எஞ்சியுள்ள இடங்களில், எந்தெந்த இடர்களுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையில் தனிக்காணிக்கை எடுக்கப்பட்டது, எவ்வளவு சேர்ந்தது என்பதை ஊர்வாரியாகத் தொகுக்கும் பணியை நம் ஆராய்ச்சி மாணவர் எவரேனும் மேற்கொள்ளலாம். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் வட்டாரத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாயிருக்கும். செல்லும் ஈரமும் அவ்வேடுகளை விட்டுவைத்துள்ள காலத்திலேயே இதனைச் செய்தாக வேண்டும்.