பாண்டியர் உள்நாட்டுப் போரும் அயலரசர் தலையீடும்

உள்நாட்டுப் போரில் வலிய அயலரசு தலையிடுதல் தகுமோ எனும் வினாவிற்குப் பாண்டியர் வரலாறு தக்க சான்றாகும். 1169-ஐ ஒட்டிக் குலசேகர பாண்டியனால் மதுரையில் முற்றுகையிடப்பட்ட பராக்கிரம பாண்டியன், ஈழவேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவின் துணையை வேண்டினான். படை வருமுன் அவன் கொலையுண்டான். அழைத்தோன் மாண்டபின்னும் படை திரும்பாது, அவன் மைந்தன் வீரபாண்டியனை அரியணை ஏற்றிற்று. குலசேகரன் சோழரை அடைந்தான். சோழர் வென்று, ஈழத் தண்டநாயகர் தலைகளை மதுரை வாயிலில் அறைவித்தமையைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுக் கூறும். சூளவம்சமோ ஈழ வெற்றியையே விரித்துரைக்கும். பின்னர்க் குலசேகரன் ஈழத்தோடு நட்புக்கொள்ளவே, சோழர் வீரபாண்டியனை ஆதரித்தனர். ஆகவே, இரு பேரரசும் காத்தது பாண்டியர் உரிமையன்று, தத்தம் நலனே என நாம் துணிகின்றோம். சோழர்க்கு அந்நலனும் நிலைக்கவில்லை: 1216-இல் முடிசூடிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான்.