கிட்டாருக்குப் பின்னால் ஒரு பியானோ

ரியோ டி ஜனேரோவின் கோப்பகபானா பகுதியில், டுவிவியெர் தெருவை ஒட்டி ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் அந்தச் சந்தில் லிட்டில் கிளப், பக்காரா, பாட்டில்ஸ் பார், மா கிரிஃப் என்று சின்னச் சின்ன மதுக்கூடங்கள் அடுத்தடுத்து இருந்தன. நள்ளிரவு தாண்டியும் உள்ளே வாசிப்பு ஓயாது. மாடிகளில் குடியிருந்தவர்கள் தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் காலி பாட்டில்களைச் சந்துக்குள் வீசி எறிந்தார்கள். செர்ஜியோ போர்ட்டோ என்ற பத்திரிகையாளர் கிண்டலாக அதைப் பாட்டிலடிச் சந்து என்று எழுதப்போக, பிறகு அது சுருங்கிப் பாட்டில் சந்து என்றே நிலைத்துவிட்டது. போஸா நோவா என்ற பிரேசில் இசைவகையின் வரலாற்றை எழுதுகிற யாரும் இந்தச் சந்துக்குள் நுழையாமல் போக முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போஸா நோவா என்றதும் உலகத்துக்கு நினைவில் வருவது ஒற்றை கிட்டாரும் காதோடு பேசுகிற குரலும்தான். அந்த இசைக்கு யாராவது பாட்டில் வீசுவார்களா? பாட்டில் சந்தில் அதிகம் வாசிக்கப்பட்டது பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்த கூட்டு. செர்ஜியோ மெண்டிஸ், லூயிஸ் எசா போன்ற பியானோக்காரர்கள் அங்கேதான் கை தேர்ந்தார்கள். எலிஸ் ரெஜினா 1964-இல் ரியோவுக்கு வந்த புதிதில் பாடியதும் அங்கேதான். கிட்டாருக்குக் கிடைத்த புகழில் பியானோவின் பங்கு மறைந்துபோனது. அந்தப் பங்கைப் பிற்காலத்தில் திரும்பக் கேட்டு வாங்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிற எலியானே எலியாஸைச் சொல்லலாம்.

கிட்டாரின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. பாயியா மாநிலத்து ஜுவாசெய்ரோவில் 1931-இல் பிறந்த ஜோவாவ் ஜில்பெர்ட்டோ, ரியோவில் பிழைப்பு அமையாமல், 1950களின் நடுவில் டயமண்டினா ஊரில் அக்கா வீட்டில் போய்த் தங்கினார். குளியலறைச் சுவர்களில் குரல் நன்றாகத் திரும்பி வருகிறது என்று அங்கேயே மணிக்கணக்கில் உட்கார்ந்து சாதகம் செய்தார். திருவிழாத் தெருவில் இருபது முப்பது பேர் அடிக்கிற சாம்பா தாளத்தைப் பிரித்து, பெரிய முரசின் அடியைக் கட்டைவிரலுக்கும், சின்னத் தம்பட்டத்தின் எதிரடியை மற்ற விரல்களுக்கும் கொடுத்தார். 1958-இல் அவர் பாடி வெளிவந்த ‘செகா டி சௌடாடி’ இசைத்தட்டோடு போஸா நோவா பிறந்தது என்பதுதான் வழக்கமான கணக்கு.

அந்தக் கணக்குக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஆல்ஃப்ரெடோ ஜோசே ட சில்வா 1929-இல் ரியோவில் பிறந்தவர், கறுப்பினத்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். பையனின் விரல்கள் சும்மா இருக்காததைக் கண்ட அந்தக் குடும்பத்தாரின் தயவில் பியானோ படிக்க வாய்ப்புக் கிடைத்தது. அமெரிக்க ஜாஸும் ஷோபேனும் ஒன்றாகக் கேட்டு வளர்ந்த அவர், ஜானி ஆல்ஃப் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1950களின் முதல் பாதியில் கோப்பகபானாவின் பிளாசா ஹோட்டலில் வாசித்துப் பாடினார். சாம்பா ராகங்களுக்கு அடியில் ஜாஸின் சிக்கலான சுரக்கூட்டுகளை வைத்தார். தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகக் குரலை நகர்த்தினார். கூட்டம் அதிகம் இருக்காது. வந்தவர்களில் ஒருவர், பின்னால் போஸா நோவாவின் பெரிய இசையமைப்பாளரான ஜோபிம், இன்னொருவர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ! ஜோபிம் அவரை ‘ஜீனியால்ஃப்’ என்று அழைத்தார். ஆனால் ஆல்ஃப் 1955-இல் சாவோ பாவ்லோவுக்குப் போய்விட்டார். ரியோவில் அலை எழும்பியபோது அவர் அங்கே இல்லை. வரலாறு பெரும்பாலும் கூட்டம் சேர்ந்த இடத்தில்தான் நின்று படம் எடுக்கிறது. அவர் 2010-இல் காலமானார்.

ஆன்டோனியோ கார்லோஸ் ஜோபிமும் முதலில் பியானோக்காரர்தான். 1927-இல் பிறந்தவர். தங்கைக்காக வீட்டில் வாடகைக்கு எடுத்துப் போட்ட பியானோவில் அண்ணன் உட்கார்ந்துகொண்டார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஹான்ஸ்-யோவாகிம் கோல்ராய்ட்டர், நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியை விட்டு 1937-இல் பிரேசில் வந்தவர். இதே கோல்ராய்ட்டர் 1960களின் பின்பாதியில் டெல்லியில் தங்கி, அங்கே மேற்கத்திய இசைக்கென்று டெல்லி ஸ்கூல் ஆஃப் மியூசிக்கைத் தொடங்கியவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ஜோபிமின் முதல் பாடம் நடந்த அறைக்கும் டெல்லிக்கும் நடுவில் ஒரே ஓர் ஆசிரியர்தான் தூரம்.

வீட்டு வாடகை கட்ட ஜோபிம் இரவு விடுதிகளில் வாசித்தார். பகலில் கான்டினென்டல் இசைத்தட்டு நிறுவனத்தில், சுரம் எழுதத் தெரியாத பாடலாசிரியர்கள் முணுமுணுக்கும் மெட்டுகளைத் தாளில் எழுதிக்கொடுப்பது வேலை. சிறுவயது நண்பர் நியூட்டன் மென்டோன்சாவும் விடுதிப் பியானோக்காரர். இந்த இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்தவைதான் ‘டெசஃபினாடோ’வும் ‘ஒற்றைச் சுர சாம்பா’வும். இரண்டாவது பாட்டின் வித்தையை நம் ஊர்க் காதுக்கு இப்படிச் சொல்லலாம்: கச்சேரியில் தம்பூராவின் சுருதி அசையாமல் நிற்கும், மேலே ராகம் அலையும். இங்கே பாட்டு ஒரே சுரத்தில் நிற்க, அடியில் இருக்கிற தரை நகர்கிறது. ஒவ்வொரு சுரக்கூட்டு மாறும்போதும் அதே சுரம் வேறு முகம் காட்டுகிறது. பியானோ முன்னால் உட்கார்ந்து பழகிய கைகளுக்குத் தோன்றக்கூடிய யோசனை இது. மென்டோன்சா 1960-இல், முப்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். தன் பாட்டு உலகத்தைச் சுற்றியதை அவர் பார்க்கவில்லை.

சுற்றத்தான் செய்தது. 1962 பிப்ரவரியில் அமெரிக்க ஜாஸ்காரர்களான ஸ்டான் கெட்ஸும் சார்லி பேர்டும் வாஷிங்டனில் ஒரு தேவாலயக் கூடத்தில் ‘ஜாஸ் சாம்பா’வைப் பதிவு செய்தார்கள், அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் வரை போனது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் கார்னெகி ஹாலில் பிரேசில்காரர்களே மேடை ஏறினார்கள். 1963 மார்ச்சில் பதிவான ‘கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ’ தட்டில்தான் ஜோவாவின் அப்போதைய மனைவி ஆஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோ, ரியோவின் இப்பனேமா கடற்கரைப் பெண்ணைப் பற்றிய பாட்டை ஆங்கிலத்தில் பாடினார். அந்தத் தட்டில் பியானோ ஜோபிமுடையது. ஒற்றை ஒற்றைச் சுரமாக, கஞ்சத்தனமாக வாசித்திருப்பார். ஆனால் 1967-இல் ஃபிராங்க் சினாட்ராவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாருங்கள், ஜோபிம் கையில் கிட்டார்! பிரேசில்காரர் என்றால் கிட்டார் வேண்டும் என்று அமெரிக்கா அதற்குள் முடிவு செய்துவிட்டது.

பிரேசிலிலோ 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடற்கரையும் காதலும் பாடுகிற பாட்டு இளைஞர்களுக்குப் போதவில்லை. தொலைக்காட்சி இசைவிழாக்கள் பெரிதாயின. மெண்டிஸ் அந்த ஆண்டே அமெரிக்காவுக்குக் கிளம்பினார். பாட்டில் சந்து சீக்கிரமே காலியானது.

இதே ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்பது சுவையான வேலை. பிரேசிலில் விசென்டே செலஸ்டினோ போன்றவர்கள் அரங்கம் அதிரப் பாடிய காலத்துக்குப் பிறகு ஜில்பெர்ட்டோ வந்தார். இங்கே பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். மகாலிங்கமும் நாடக மேடையிலிருந்து கொண்டுவந்த கணீர்க் குரலுக்குப் பிறகு ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் வந்தார்கள். ராஜா இசையமைத்துப் பாடிய ‘கல்யாண பரிசு’ 1959-இல் வெளியானது. ஜில்பெர்ட்டோவின் முதல் நீள்தட்டு வந்ததும் அதே 1959-இல். ஒருவர் மற்றவரைக் கேட்டிருக்க நியாயமே இல்லை. இருவர் முன்னாலும் இருந்தது மைக். குரலை உயர்த்தாமலே கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேரலாம் என்று அந்தக் கருவி சொல்லிக்கொடுத்ததை, இரண்டு கண்டங்களில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் புரிந்துகொண்டார்கள். அகில இந்திய வானொலி 1952-இல் சினிமாப் பாட்டை ஓரங்கட்டியதால் அந்த மென்குரல்கள் இலங்கை வானொலி வழியாகத்தான் ஊர் ஊராக வந்தன. ஆரணிப் பட்டு நெய்கிற சந்தவாசல் போன்ற ஊர்களில், நாடா பாய்கிற சத்தத்துக்கும் பலகை அடிக்கிற சத்தத்துக்கும் நடுவில் அந்தக் குரலைப் பிடிக்க ரேடியோவின் ஒலியைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். மெதுவாகப் பாடப்பட்டதைச் சத்தமாகக் கேட்பதும் ஓர் அனுபவம்தான்.

கோடம்பாக்கத்துக்கு லத்தீன் தாளங்கள் வந்தது வேறு கதவு வழியாக. 1964-இல் ‘சர்வர் சுந்தரம்’ படத்தின் ‘அவளுக்கென்ன’ பாட்டில் எம்.எஸ்.வி. வாத்தியக் குழுவை நடத்துவதைப் படத்திலேயே காட்டினார்கள். அதில் துள்ளுகிற தாளம் லத்தீன் சாயல் கொண்டது. ஆனால் அது போஸா நோவா அல்ல, அதன் சத்தக்கார உறவுமுறை. இந்தி சினிமாவில் 1966-இல் ‘பதி பத்னி’க்காக ஆர்.டி. பர்மன் ஆஷா போஸ்லேயைப் பாடவைத்த ‘மார் டாலேகா தர்த்-ஏ-ஜிகர்’ பாட்டைத்தான் முதல் போஸா நோவா என்று சொல்வது வழக்கம். பம்பாய்ப் பதிவரங்குகளில் சுரத்தாள் பார்த்து வாசித்தவர்களில் பலர் கோவாக்காரர்கள். 1961 டிசம்பர் வரை போர்ச்சுகீசிய ஆட்சியில் இருந்த ஊர் அது. பிற்பாடு 1980-இல் ஸ்டான் கெட்ஸே பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவுக்கு வந்து வாசித்தார்.

எலியானே எலியாஸ் பிறந்தது 1960-இல், சாவோ பாவ்லோவில். ஜானி ஆல்ஃப் போய்ச் சேர்ந்த அதே நகரம். அம்மா பியானோக்காரர், வீட்டில் ஜாஸ் இசைத்தட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வயதில் ஜாஸ் மேதைகளின் தனி ஆவர்த்தனங்களைக் காதால் கேட்டே எழுதி எடுக்கத் தொடங்கிவிட்டார். அந்த ஊரில் சிம்போ ட்ரியோ என்ற பியானோக் கூட்டு 1964 முதல் இயங்கியது. பாட்டில் சந்தில் வளர்ந்த அதே வகை. அவர்கள் 1973-இல் கிளாம் என்ற இசைப்பள்ளியைத் தொடங்கினார்கள். எலியாஸ் அங்கே படித்து, பதினைந்து வயதில் அங்கேயே வகுப்பும் எடுத்தார். பதினேழு வயதில், இப்பனேமா பாட்டின் வரிகளை எழுதிய வினிசியஸ் டி மொராய்ஸோடும் கிட்டார்க்காரர் டொகினோவோடும் சேர்ந்து மேடைகளில் வாசித்தார். 1981-இல் நியூயார்க் போய் ஸ்டெப்ஸ் அஹெட் என்ற ஜாஸ் குழுவில் இடம்பிடித்தார்.

போனவர் உடனே போஸா நோவா பாடிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரேசில் பெண் என்றால் இப்பனேமா பாட்டைத்தான் எதிர்பார்ப்பார்கள். அவர் முதலில் பியானோக்காரராகத் தன்னை நிறுத்திக்கொண்டார். 1990-இல் ஜோபிமின் பாடல்களை மட்டும் எடுத்து ஒரு தட்டு செய்தபோதும் அது பெரும்பாலும் வாத்திய இசைதான். பாஸில் எட்டி கோமெஸ், டிரம்ஸில் ஜாக் டிஜானெட், தாளவாத்தியங்களில் நானா வாஸ்கோன்செலோஸ். ஜோபிம் அப்போது உயிரோடு இருந்தார், 1994-இல் காலமானார். முழுக்கப் பாடி எலியாஸ் ஜோபிமை எடுத்துக்கொண்டது 1998-இல்தான். 2008-இல், போஸா நோவாவின் ஐம்பதாவது ஆண்டுக்கு ‘போஸா நோவா ஸ்டோரீஸ்’ வந்தது. 2015-இன் ‘மேட் இன் பிரேசில்’, அமெரிக்கா போன பிறகு அவர் தாய்நாட்டில் பதிவு செய்த முதல் தட்டு. சிறந்த லத்தீன் ஜாஸ் தட்டுக்கான கிராமி விருது அடுத்த ஆண்டு அதற்குக் கிடைத்தது.

பழைய பாட்டைத் திரும்பத் திரும்ப ஏன் பாட வேண்டும் என்று தமிழ் ரசிகருக்கு விளக்கத் தேவையில்லை. ஒரே கீர்த்தனைக்குப் பத்துப் பாடாந்தரம் கேட்டவர்கள் நாம். எலியாஸின் பாடாந்தரத்தில் தனியாகத் தெரிவது இடது கை. கிட்டாரின் அந்தக் கட்டைவிரல் வேலையை அது ஏற்றுக்கொள்கிறது, ஆனால் முழுக்க அடித்துக் காட்டாது. பாதியை பாஸ் வாசிக்கும் அவர் கணவர் மார்க் ஜான்சனிடம் விட்டுவிடும். வலது கை, குரல் விட்ட இடைவெளியில் மட்டும் வந்து போகும். குரல் பெரிய குரல் அல்ல. சற்றுக் கரகரப்பான, கீழ்ஸ்தாயியில் நிற்கிற குரல். பாடுகிறவரே வாசிப்பதால் அடுத்த சுரக்கூட்டு எப்போது விழும் என்று குரலுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் சொல்லைப் பின்னுக்கு இழுத்து வைக்கிற துணிச்சல் வருகிறது. ஜாஸ் பியானோக்காரர் பில் எவன்ஸை அவர் ஆழ்ந்து படித்தவர் என்பதும் அந்த இடைவெளிகளில் கேட்கிறது. நரம்பிசைக் குழு சேர்ந்த தட்டுகளில் கொஞ்சம் இனிப்பு தூக்கல் என்று ஒரு குறை சொல்லலாம். வயலின்கள் ஒதுங்கி, மூன்று நான்கு பேராகக் குறுகும்போதுதான் அவர் யார் என்று தெரிகிறது.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் வரிசையை மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் சிபாரிசு. இப்பனேமா பாட்டை விட்டுவிடுங்கள். கடைத்தெருவிலும் விமான நிலையத்திலும் அது தானாகக் காதில் விழும். முதலில் ஜானி ஆல்ஃப் 1955-இல் பதிவு செய்த ‘ரபாஸ் டி பெம்’ பாட்டைத் தேடுங்கள். அடுத்து எலியாஸின் 1990 தட்டு. அதன் பிறகு 1998. கிட்டாரைக் கடைசியில் கேட்டால் போதும்.