பற்றரி யாருடையது?

கேஸ் முடிஞ்சால் வெறும் சிலிண்டரைக் கடையில குடுத்து, நிரம்பின ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறோம். அது எங்கட பழைய சிலிண்டரோ இல்லையோ என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. மின்சார வாகனத்தின் பற்றரியையும் இப்படியே மாற்றலாம் என்ற பேச்சு இப்ப நிறைய அடிபடுது. சார்ஜ் ஏறும்வரை காவல் இருக்கத் தேவையில்லை; வந்தோம், மாற்றினோம், போனோம். கேட்கப் புதுசு போலத்தான் இருக்கு. ஆனால் இந்த யோசனைக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது.

1897 இல் நியூயோர்க் வீதிகளில் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. ஈயப் பற்றரி, பல பேர் சேர்ந்தும் தூக்க ஏலாத பாரம். சார்ஜ் ஏற மணிக்கணக்கு எடுக்கும், அதுவரைக்கும் வண்டி சும்மா நின்றால் உழைப்பு இல்லை. அதனால் கொட்டகைக்குள் வண்டியைக் கொண்டுவந்து, பாரந்தூக்கி இயந்திரத்தால் பழைய பற்றரியை இழுத்தெடுத்து, சார்ஜ் ஏறியதை உள்ளே தள்ளினார்கள். 'எலெக்ரிக் வெஹிக்கிள் கம்பனி' இதை அமெரிக்காவின் மற்ற நகரங்களுக்கும் கொண்டுபோகப் பெரிய ஆசையோடு இறங்கி, 1907 இல் நொடித்துப்போனது.

எங்களுக்கு அதைவிடச் சுவாரசியமானது கனெக்ரிகட் மாநிலத்தின் ஹாட்ஃபோர்ட் நகரத்துக் கதை. அங்கே மாற்றுப் பற்றரி குடுத்தது வாகனக் கம்பனி இல்லை, ஊருக்கு மின்சாரம் விற்ற ஹாட்ஃபோர்ட் எலெக்ரிக் லைட் கம்பனி. 1910 அளவில் தொடங்கினார்கள். வியாபாரி ஒருவர் லொறியைப் பற்றரி இல்லாமல் வாங்குவார். பற்றரி மின்சாரக் கம்பனியின் சொத்து. மாதம் ஒரு நிலையான கட்டணம், அதோடு ஓடின மைலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. பற்றரி பழுதானால், வயசு போனால், அது கம்பனியின் தலையிடி.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கவேணும். மின்சார லொறியில் ஆகலும் விலை கூடினதும் ஆகலும் நம்ப முடியாததும் பற்றரிதான். எத்தனை வருசம் உழைக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தை அவரின் தோளில் இருந்து இறக்கி, பற்றரியைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரின் தோளில் வைத்தார்கள். மைல் கணக்கில் காசு வாங்குவதால், பற்றரியை நல்லபடி வைத்திருப்பது கம்பனிக்கும் லாபம். 1924 வரை இந்தச் சேவை நடந்தது. அந்த வாகனங்கள் 60 இலட்சம் மைலுக்கு மேல் ஓடின. அதற்குள் பெற்றோல் லொறி மலிந்து, மின்சார லொறி செய்கிறவர்களே குறைந்துபோனார்கள்.

பிறகு நீண்ட மௌனம். 2007 இல் ஷாய் அகாசி தொடங்கிய 'பெற்றர் பிளேஸ்' கம்பனி இதே யோசனையைத் தூசு தட்டி எடுத்தது. இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் நிலையங்கள், ஐந்து நிமிசத்தில் றோபோ மாற்றிவிடும் பற்றரி. ஏறத்தாழ 850 மில்லியன் டொலர் முதலீடு சேர்ந்தது. ஆனால் அந்த நிலையங்களுக்குள் போகக்கூடிய கார் ஒன்றே ஒன்று: ரெனோ ஃபுளுவன்ஸ். ஓரிலட்சம் கார் என்று கனவு கண்டார்கள், 1500 கூடத் தேறவில்லை. 2013 மே மாதம் வங்குரோத்து. மற்றக் கார்க் கம்பனிகள் ஏன் வரவில்லை? தன் காரின் நடு வயிற்றை இன்னொருவரின் அளவுக்கு வெட்டித் தைக்க எந்தக் கம்பனி சம்மதிக்கும்!

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரெஸ்லா மேடை போட்டது. ஒரு ஓடி காருக்குப் பெற்றோல் அடித்து முடிப்பதற்குள் இரண்டு ரெஸ்லாக்களுக்குப் பற்றரி மாற்றிக் காட்டினார்கள். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. கலிபோர்னியாவில் ஒரு நிலையமும் திறந்தார்கள். ஆரம்பத்தில் அழைக்கப்பட்ட 200 உரிமையாளர்களில் நாலைந்து பேர்தான் வந்து பார்த்ததாக 2015 இல் ஈலோன் மஸ்க்கே சொன்னார். கடுகதி சார்ஜ் இலவசமாகக் கிடைக்கும்போது மாற்றுவதற்குக் காசு குடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனாலும் சீனாவில் நியோ கம்பனி 2018 முதல் நிலையங்களைக் கட்டிக்கொண்டே போகிறது. 2020 இலிருந்து அங்கே காரைப் பற்றரி இல்லாமலும் வாங்கலாம், தொடங்கின அந்த வருசம் விலையில் 70,000 யுவான் குறைந்தது. ஹாட்ஃபோர்ட் ஏற்பாடுதான், வேறு உடுப்பில.

உண்மையில் இந்த யோசனை காலூன்றியது ஸ்கூட்டியில். தாய்வானில் கொகோரோ 2015 இல் கொண்டுவந்த பற்றரி ஒன்பது கிலோ அளவுதான். றோபோ வேண்டாம்; ஆளே கழற்றி, வீதியோரப் பெட்டிக்குள் செருகி, வேறொன்றை எடுத்துக்கொண்டு சில நொடிகளில் போய்விடலாம். அடுக்குமாடியில் இருப்பவருக்கு வீட்டில் சார்ஜ் போட இடமில்லை என்ற கவலையும் தீர்ந்தது.

ஆனால் அந்தப் பற்றரி ஓட்டுகிறவருடையது இல்லை. மாதச் சந்தா கட்டவேணும். கட்டணத்தைக் கூட்டினால், நிலையங்களைக் குறைத்தால், கம்பனியே நொடித்தால் என்ன செய்வது? ஓட ஒன்றும் இல்லாமல் வண்டி வாசலில் நிற்பது எப்படி என்று 2022 பெற்றோல் வரிசைகளில் எங்கட ஆக்கள் நல்லாப் படித்தவர்கள். இஸ்ரேலில் ஃபுளுவன்ஸ் வாங்கினவர்கள் அதற்கு முன்னமே படித்தார்கள். அவர்களின் மாற்று நிலையங்கள் மூடப்பட, தூரப் பயணம் போகலாம் என்று நம்பி வாங்கின கார் ஊருக்குள் மட்டும் ஓடுகிற காராகியது.

வேறு கடைக்குப் போகலாம் என்றால், அளவு ஒத்துவர வேணும். தாய்வானில் யமஹா போன்ற சில கம்பனிகள் கொகோரோவின் பற்றரியை ஏற்றுக்கொண்டன. கிம்கோ மறுத்து, 2018 இல் தனக்கென்று ஒரு வலையமைப்பை அறிவித்தது. ஒன்றின் பற்றரி மற்றதற்குள் போகாது. ஜப்பானில் ஹொண்டா, யமஹா, சுசுக்கி, கவசாகி நாலும் 2019 இல் ஒரே மேசையில் குந்தி, 2021 இல் மாற்றுப் பற்றரிக்குப் பொது அளவு ஒன்றுக்கு உடன்பட்டன. அடுத்த வருசம் எண்ணெய்க் கம்பனியான எனியோஸையும் சேர்த்து, அந்தப் பற்றரிகளை வாடகைக்குக் குடுக்க 'கச்சாகோ' என்று தனிக் கம்பனி தொடங்கினார்கள்.