அச்சாரம் திசைமாறிய கதை

எனக்கு யாப்பருங்கலக் காரிகை கற்பித்த பேராசிரியர் சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் தொலைபேசியில் அழைத்தார். பணி ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. குரலில் வழக்கமான கம்பீரம் இல்லை. 1990களின் இறுதியில் கொடைக்கானலில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை அவர் வாங்கியிருந்தார். முழங்கால் வலி வந்த பிறகு மலையேறுவது குறைந்துவிட்டது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. விற்றுவிடலாம் என்று எண்ணியிருந்த வேளையில், யாரோ ஒருவர் தாமாகவே அழைத்து, மும்பையில் வாங்குபவர் ஆயத்தமாக இருக்கிறார், நான்கு லட்சம் தருவார் என்றிருக்கிறார். பதிவுச் செலவுக்கென்று 18,500 ரூபாய் கேட்டார்கள், ஐயா அனுப்பிவிட்டார். இப்போது வரித் தடையின்மைச் சான்றுக்கென்று இன்னும் 42,000 கேட்கிறார்கள்.

“வழக்கந்தானே தம்பி? பத்திரம் என்றால் செலவு இருக்கத்தானே செய்யும்?” என்றார்.

“ஐயா, நிலம் விற்பவர் வாங்குபவருக்கு அச்சாரம் கொடுத்ததாக எங்கேனும் படித்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை.

நம் ஊர் வழக்கில் அச்சாரம் வாங்குபவர் கையிலிருந்து விற்பவர் கைக்குச் செல்வது. தரகு, பேரம் முடிந்து பத்திரம் பதிவான பின் தரப்படுவது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுபவருக்கும் இந்த ஒழுங்கு தெரியும். இந்த ஒழுங்கு தலைகீழாகும் இடத்தில் ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. ஐயாவுக்கு விளக்குவதற்காகத் தேடிப் படிக்கத் தொடங்கியவன், அக்கதையின் நீளத்தைக் கண்டு வியந்துபோனேன்.

விடோக் என்ற பெயரை நண்பர்கள் சிலர் அறிந்திருக்கக்கூடும். 1775இல் பிறந்தவர், இளமையில் குற்றவாளி, பின்னர் 1812இல் பாரிஸ் நகரத் துப்பறியும் பிரிவைத் தொடங்கி நடத்தியவர். திருடர்களின் தந்திரங்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் ‘எருசலேம் கடிதங்கள்’ என்றொரு வகை வருகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிற்பட்ட காலம். வசதி படைத்த ஒருவருக்குச் சிறையிலிருந்து கடிதம் வரும். எழுதியவர் ஒரு பிரபுவின் பணியாள். புரட்சிக்கு அஞ்சித் தப்பியோடும் வழியில், பொன்னும் வைரமும் நிறைந்த பேழையைத் தங்கள் ஊருக்கருகே மறைத்துவிட்டுச் சென்றோம். மீட்க வந்த என்னைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். சிறிது பணம் அனுப்பினால் புதையலில் பங்கு தருவேன் என்று கடிதம் உருகும். இத்தகைய கடிதங்கள் நூறு அனுப்பினால் இருபதுக்கு விடை வந்துவிடும் என்று விடோக் கணக்குச் சொல்கிறார். ஐவரில் ஒருவர்!

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதிர்ந்தபோது அந்தப் பணியாளர் ஸ்பெயின் நாட்டுச் சிறைக்கு இடம்பெயர்ந்தார். ‘ஸ்பானியக் கைதி’ என்று இந்த ஏமாற்றுக்குப் பெயர் நிலைத்தது. 1898 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைப் பழைய மோசடி ஒன்றின் மறுபிறப்பு என்று குறித்தே செய்தி வெளியிட்டது. அப்போதே அது பழையது. நூற்றாண்டின் கடைசியில் நைஜீரியக் கடிதங்களாகவும் பின் மின்னஞ்சல்களாகவும் அது வந்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவே அதற்குப் பெயராகிவிட்டது.

வேடங்கள் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். பூட்டிய பேழை ஒன்று. அதைத் திறக்கச் சிறு தொகை. தொகை சென்றதும் புதிய தடை. அதற்கு இன்னொரு தொகை. முதலில் கொடுத்ததை இழக்க மனமில்லாமல் இரண்டாவதைக் கொடுப்பவர்தாம் இதன் உண்மையான விளைநிலம். ஐயாவின் 18,500 ரூபாய் விதைநெல். அறுவடை 42,000இல்தான் தொடங்கவிருந்தது.

இனி, காலப்பங்கு என்று தமிழில் சொல்லத்தக்க டைம்ஷேர் முறையின் வரலாற்றுக்கு வருவோம். இது பிறந்த இடம் ஐரோப்பா. 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 1960களிலேயே பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுதி ஒன்று அறைகளை வார உரிமையாக விற்றது. ஓர் அறை, 52 வாரங்கள், பல உரிமையாளர்கள். எண்ணிப் பார்த்தால் அழகான சிந்தனைதான். நம் கிராமங்களில் ஒரே கிணற்றை முறைவைத்து இறைக்கும் பங்காளிகளுக்கு இது புதிதன்று. 1970களின் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி அமெரிக்காவில், குறிப்பாக ஃபுளோரிடாவில், கட்டிய அடுக்கக வீடுகள் விற்காமல் தேங்கியபோது, அவற்றை வாரங்களாக நறுக்கி விற்கும் வழக்கம் பரவியது. ஒருவர் தம் வாரத்தை வேறோர் ஊரில் மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974இல் வந்தது. மாரியட், ஹில்டன், டிஸ்னி போன்ற பெரும்பெயர்கள் 1984 முதல் அடுத்தடுத்து இத்தொழிலில் இறங்கின. நம் பக்கத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்டெர்லிங் நிறுவனம் 1986இல் தொடங்கப்பட்டது. மகிந்திரா பத்தாண்டு கழித்து வந்தது.

வாங்கும்போது ஒருவர் வாங்குவது விடுமுறையை. விற்க முனையும்போதுதான் கையில் இருப்பது என்னவென்று தெரிகிறது. அமெரிக்காவின் பல ஒப்பந்தங்கள் காலவரையறை அற்றவை. தங்கினாலும் தங்காவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் உண்டு. நிறுவனமே புதிய வாரங்களை விருந்தும் பரிசும் கொடுத்து விற்றுக்கொண்டிருக்கும்போது, பழைய வாரத்தைத் தேடி வருபவர் யார்? பல்லாயிரம் டாலருக்கு வாங்கிய வாரங்கள் இணைய ஏலத்தில் ஒரு டாலருக்குக் கேட்பாரற்றுக் கிடந்தன. வாங்கியவர்கள் முதுமை அடைந்தார்கள், துணையை இழந்தார்கள், பிள்ளைகளுக்கு அந்தச் சுமை வேண்டாம் என்றார்கள்.

இந்த இடத்தில்தான் பழைய ஏமாற்று புது உருவம் கொண்டது. ஸ்பானியக் கைதியின் கடிதத்துக்கு மயங்கியவரிடம் பிறர் பொருளில் பங்கு கேட்கும் ஆசை இருந்தது. அவரை நோக்கி ‘பேராசை பெருநட்டம்’ என்று ஊரார் எளிதில் சொல்லிவிடலாம். காலப்பங்கை விற்க நினைக்கும் முதியவரிடம் அந்த ஆசை இல்லை. பேழை அவருடையது. அவர் கேட்பது விடுதலை. அவரைப் பழிக்கும் உரிமை நமக்கு இல்லை என்பதே என் கருத்து. ஐயா தம் துணைவியாரிடம்கூடச் சொல்லாமல் பல நாட்கள் மறைத்து வைத்திருந்ததற்கு அந்தப் பழிச்சொல்லின் அச்சமே காரணம்.

ஃபுளோரிடாவில் நடந்தது சுவையானது. உரிமம் பெற்ற வீட்டுத் தரகர், காலப்பங்கை விற்பனைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்கட்டணம் வாங்கக் கூடாது என்று அம்மாநிலச் சட்டம் தடுத்தது. உடனே என்ன செய்தார்கள்? நாங்கள் தரகர்கள் அல்லோம், விளம்பர நிறுவனத்தார் என்றார்கள். பட்டியல் கட்டணம் விளம்பரக் கட்டணமாகப் பெயர் மாறியது. வாங்குபவர் கையில் காசோலையோடு நிற்கிறார், வில்லங்கம் பார்க்கவும் பத்திரம் முடிக்கவும் சில நூறு டாலர், சில வேளை இரண்டாயிரம் டாலர் மட்டும் வேண்டும் என்று தொலைபேசியில் சொல்வது. பின்னர் அனுப்பும் ஒப்பந்தத்தில் ‘இது விளம்பரச் சேவை மட்டுமே’ என்று பொடி எழுத்தில் இருப்பது. விற்க விரும்பாதவரிடம் வாடகைக் கதை: உங்கள் வாரத்தை ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறது, முன்வைப்பு மட்டும் கட்டுங்கள். 2012இல் ஃபுளோரிடா தனிச்சட்டம் ஒன்றை இயற்றி, விளம்பர நிறுவனங்களையும் வளைக்குள் கொண்டுவந்தது. இல்லாத வாங்குபவரை இருப்பதாகச் சொல்வது குற்றம். எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். ஏழு நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், காலப்பங்கு மறுவிற்பனை, பயணப் பரிசு ஆகியவற்றின் பெயரால் நடந்த மோசடிகளுக்கு எதிராக 191 நடவடிக்கைகளை ஒருசேர அறிவித்தது.

ஐரோப்பா இன்னும் நேரடியாக வெட்டியது. 2008ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறியாணை, மறுவிற்பனைக்கு உதவுவதாகச் சொல்பவர் விற்பனை உண்மையில் நடந்து முடியும்வரை எந்த முன்பணமும் பெறக் கூடாது என்கிறது. அச்சாரத்தின் திசையைச் சட்டமே நேராக்கிவிட்டது எனலாம். ஆயினும் ஸ்பெயினில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் காலப்பங்குக்கு 50 ஆண்டு வரம்பு விதித்திருந்தது. அதை மீறிய ஒப்பந்தம் செல்லாது என்று 2015 ஜனவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையாளர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் அந்தச் செய்தியையே தூண்டிலாக்கி, உங்கள் பணத்தை ஸ்பானிய நீதிமன்றத்தில் மீட்டுத் தருகிறோம், வழக்குச் செலவை மட்டும் முன்னதாகக் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் முதியவர்களை அழைக்கும் கூட்டம் ஒன்று கிளம்பியது. மீண்டும் ஸ்பெயின், மீண்டும் மீட்கப்பட வேண்டிய பேழை!

இக்கதையின் இருண்ட பகுதி மெக்ஸிகோவில் இருக்கிறது. பசிபிக் கரையிலுள்ள புவெர்ட்டோ வயார்த்தாவில் விடுதி வாரம் வாங்கிய அமெரிக்கர் பலர். 2012ஆம் ஆண்டளவில் அங்கு நடந்துவந்த காலப்பங்கு ஏமாற்றுத் தொழிலை ஹாலிஸ்கோ போதைக்கும்பல் தன் கைக்குள் கொண்டுவந்தது என்கிறது அமெரிக்கக் கருவூலத் துறை. விடுதி ஊழியர்கள் சிலருக்குக் கையூட்டு கொடுத்து உரிமையாளர் விவரங்களைப் பெறுவார்கள். அதனால்தான் அழைப்பவருக்கு நம் வாரமும் அறை எண்ணும் தெரிந்திருக்கிறது; அதனால்தான் நாம் நம்புகிறோம். வரி, அயல்நாட்டுப் பரிமாற்றக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகப் பணம் மெக்ஸிகோ வங்கிகளுக்குச் செல்லும். எல்லாம் கரைந்த பின், அரசு அலுவலர் அல்லது வழக்கறிஞர் வேடத்தில் வேறொருவர் அழைத்து, இழந்ததை மீட்க அபராதம் கட்டச் சொல்வார். 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் சுமார் 30 கோடி டாலர் இழந்ததாக முறையிட்டிருக்கிறார்கள். முறையிடாதவர்கள் தனி.

அழைப்பு மையத்தில் அமர்ந்து பேசிய இளைஞர்களின் கதி என்ன? 2023 மே மாதம் குவாதலஹாரா நகரை அடுத்த சபோப்பனில் அத்தகைய மையம் ஒன்றில் வேலை பார்த்த எட்டு இளைஞர்கள் காணாமற்போயினர். பின்னர் மலைப்பள்ளம் ஒன்றில் பைகளில் உடற்பகுதிகள் கிடைத்தன. வேலையை விட முயன்றதால் கொல்லப்பட்டதாக அமெரிக்க அதிகாரிகள் கருதினர். தொலைபேசியின் மறுமுனையில் இனிக்கப் பேசிய குரலுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் என்ற எண்ணம் அச்செய்தியைப் படித்த இரவு என்னை உறங்கவிடவில்லை.

இவ்வளவையும் ஐயாவிடம் சொல்லவில்லை. அவருக்கு வேண்டிய அளவு மட்டும் சொன்னேன். வாங்குபவர் இருப்பது உண்மையானால், கட்டணத்தை விற்ற தொகையிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அவ்வாறே கேட்டார்; “நிறுவன விதி இடங்கொடுக்காது” என்று விடை வந்தது. விடுதி அலுவலகத்தின் எண்ணை, அவர்கள் தந்ததை விட்டுவிட்டு, 1990களின் பழைய உறுப்பினர் கோப்பிலிருந்து எடுத்து அழைத்தோம். அப்படியொரு பெயர் மாற்றக் கோரிக்கை தங்களிடம் இல்லை என்றார்கள். உறுப்பினர் உரிமையை மாற்றுவதற்கான கட்டணத்தைத் தங்களிடம்தான் கட்டவேண்டும், அதுவும் வாங்குபவர் கையெழுத்திட்ட படிவத்தோடு, என்றும் விளக்கினார்கள். பிறகு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு முறையீடு. பணம் சென்று பல நாட்கள் ஆகியிருந்ததால் அந்தக் கணக்கில் ஒன்றும் மிஞ்சவில்லை. முதல் நாளே அழைத்திருந்தால் நிறுத்திவைக்க வாய்ப்பிருந்தது. என்னிடம் சொல்லவே அவருக்குப் பல நாட்கள் ஆயின.

துணைவியாரிடம் நானே உடனிருந்து சொல்லும்படி ஐயா கேட்டுக்கொண்டார். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். “பணம் போனால் போகிறது. மறுபடி யாராவது அழைத்தால் என்னிடம் கொடுங்கள், நான் பேசுகிறேன்” என்றார். இரண்டு மாதம் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருவதாக ஓர் அழைப்பு வந்தே விட்டது. பேசியவர் தம்மைத் தில்லி அலுவலர் என்று சொல்லிக்கொண்டாராம். அம்மா ஏறத்தாழ அரைமணி நேரம் அவரிடம் அவருடைய ஊர், படிப்பு, பெற்றோர் நலம் எல்லாம் விசாரித்திருக்கிறார். இறுதியில் அந்தப் பையனே அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

வாரம் இன்னும் விற்கவில்லை. சித்திரையில் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இருவரும் கொடைக்கானல் சென்று வந்தார்கள்.