80-ஐத் தாண்டினால் உதறல்

புது அலாய் வீலும் புது டயரும் போட்டுக்கொண்டு வந்த மறுநாளே, "80-ஐத் தாண்டினா ஸ்டீயரிங் உதறுது சார்" என்று புலம்புகிறவர்களை எங்கள் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். கடைக்காரர் பேலன்சிங் சரியில்லை என்பார், இன்னொரு கடைக்காரர் அலைன்மென்ட் என்பார், மூன்றாமவர் டயரே மட்டம் என்பார். பணிக்காலம் முழுவதும் சக்கரம் சம்பந்தப்பட்ட வேலையிலேயே இருந்தவன் என்பதால் என்னிடமும் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இதே சாலையில் நான் இளைஞனாக இருந்தபோது இந்த வியாதியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லையே, ஏன்?

சத்திரம் என்று பெயரிலேயே இருக்கிறது. வழிப்போக்கர்கள் இறங்கி இளைப்பாறிப் போன காலத்தின் மிச்சம் அது. அந்தக் காலத்து மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்தின் மேல் தட்டி உட்கார வைத்து, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிக்கொள்ளும். அந்தச் சக்கரம் துல்லியமான வட்டமாக இருந்ததா என்றால் இல்லை. மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போகிற வண்டிக்கு அது போதும். பள்ளத்தில் இறங்கினால் குலுங்கும், அவ்வளவுதான்.

பிறகு கார் வந்தது. அம்பாசிடருக்கு 5.90-15 என்ற அளவில் டயர். உள்ளே நைலான் நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட பழைய ரகம். ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தால், தரையில் பட்ட இடம் தட்டையாகிவிடும். காலையில் எடுத்தால் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு 'தடக் தடக்' என்று அடிக்கும். டயர் சூடானதும் தானாகச் சரியாகிவிடும். அதை யாரும் கோளாறாகவே நினைத்ததில்லை, வண்டி தூக்கம் கலைகிறது என்பார்கள்!

அப்போதே சென்னை டயர் ஊர்தான். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் ரீட்ரெடிங் ரப்பருக்கு மாறி, 1961-ல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் துணையோடு டயரே செய்ய ஆரம்பித்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். அம்பத்தூரில் டன்லப் இருந்தது. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் வீல்ஸ் இந்தியா இரும்புச் சக்கரம் செய்தது. டயரும் ரிம்மும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன, உதறல் புகார் மட்டும் காதில் விழவில்லை. சக்கரங்கள் அவ்வளவு உத்தமமாக இருந்தனவா? இல்லவே இல்லை. வேகம் இல்லை, அதுதான் காரணம். ஒரு லாரிக்குப் பின்னால் அம்பாசிடர் 50-ல் போய்க்கொண்டிருக்கும்.

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். 14 அங்குல ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்தச் சக்கரம் ஒரு விநாடிக்கு 15 தடவை சுற்றுகிறது. அந்த 30 கிராம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 5 கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் விசை பாதியாகாது, கால் பங்காகும். அதாவது 50-ல் ஒன்றேகால் கிலோதான். அந்தக் குழிச் சாலையில் ஒன்றேகால் கிலோ இழுப்பை யார் கண்டார்கள்?

சாலை மாறியதும்தான் கதை மாறியது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளியே வந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தங்க நாற்கரச் சாலைத் திட்டம் தொடங்கி, அன்று தேசிய நெடுஞ்சாலை 4 என்று சொன்ன நம் பெங்களூர் ரோடும் நான்கு வழியாக அகன்றது. ஜே.கே. டயர் 1977-லேயே கொண்டுவந்திருந்த ரேடியல் டயர் இப்போது எல்லாக் காருக்கும் சாதாரணமாயிற்று. புது வண்டி, நல்ல டயர், வழவழப்பான சாலை. முதல்முறையாக நம் ஊர் ஆட்கள் 100-ல் போனார்கள். சக்கரத்தில் எப்போதும் இருந்த சின்னக் குறை அப்போதுதான் கைக்குத் தெரிந்தது.

பழைய மெக்கானிக்கின் முறை எளிது. சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிவிட்டு, எந்த இடம் கீழே வந்து நிற்கிறதோ அதற்கு எதிர்ப்புறம் ஈயம் அடிப்பார். அகலமான சக்கரத்துக்கு அது போதாது. உள் ஓரத்தில் ஒரு பக்கமும் வெளி ஓரத்தில் எதிர்ப்பக்கமும் கனம் இருந்தால் நிற்கும்போது சமமாகத்தான் இருக்கும், சுற்றும்போது பக்கவாட்டில் ஆடும். அதனால்தான் சக்கரத்தை வேகமாகச் சுற்றி, இரு ஓரத்துக்கும் தனித்தனியாகக் கிராம் சொல்லும் மெஷின் வந்தது. இன்று நெடுஞ்சாலையோர டயர் கடைகளில் அது சாதாரணம். ஆனால் மெஷின் 0 காட்டினால் எல்லாம் முடிந்தது என்று ஒரு நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. அங்கேதான் எனக்குச் சண்டை.

எங்கள் தெருத் தம்பி ஒருவர், ஒரகடத்தில் வேலை. பழைய கார் ஒன்று வாங்கி, அலாய் வீல் மாட்டினார். மூன்று தடவை பேலன்சிங். மூன்று தடவையும் மெஷின் 0 காட்டியது, சாலையில் உதறல் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்தபோது வெர்னியரை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். காரின் ஹப் 54.1 மில்லிமீட்டர். வீலின் நடு ஓட்டை 67.1. நான்கு நட், 100 மில்லிமீட்டர் வட்டம் என்பது பல கம்பெனிச் சிறிய கார்களுக்கும் பொது. ஆகவே வீல் மாட்டிக்கொள்ளும். ஆனால் நடு ஓட்டை கார் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்லாக் காருக்கும் விற்க வேண்டும் என்று வெளிச்சந்தை வீலில் பெரிதாகவே விட்டுவிடுவார்கள். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். தம்பியின் வண்டியில் அது இல்லை.

மெஷின் சக்கரத்தை அதன் நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. அந்த மையத்துக்கு அது சமமாகத்தான் இருந்தது, மெஷின் பொய் சொல்லவில்லை. காரில் மாட்டும்போது மையம் விலகிவிட்டது. டயரோடு 15 கிலோ இருக்கும் சக்கரம் 0.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும், ரிம் ஓரத்தில் 25 கிராம் ஈயம் ஒட்டியதற்குச் சமம். சில நூறு ரூபாய் வளையம் நான்கு வாங்கி, ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டி, சக்கரம் தரையில் படாதபடி தூக்கி வைத்து நட்டுகளை எதிரெதிராக முறுக்கினோம். உதறல் போய்விட்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளையம் பாரத்தைத் தாங்குவதில்லை. நடுவில் உட்கார வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. பாரத்தைத் தாங்குவது நட்டின் இறுக்கம் தரும் பிடிப்பு. வீலில் நட் உட்காரும் குழி கூம்பா, உருண்டையா என்று பார்க்காமல் பழைய நட்டையே மாட்டினால் ஓரத்தில் மட்டும் பட்டு நிற்கும், ஓட ஓடத் தளரும். விடியற்காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வேனும் பஸ்ஸும் வரிசையாகப் போகிற சாலையில் ஒரு சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புது வீல் மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். உதறலை உதறல் என்று மட்டும் நினைத்து விட்டுவிடாதீர்கள்.

எங்கே உதறுகிறது என்பதே பாதி விடை. ஸ்டீயரிங்கில் என்றால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டில் என்றால் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட். 30, 40-லேயே தூக்கித் தூக்கிப் போட்டால் டயரோ ரிம்மோ வட்டமாக இல்லை, அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. அதை எந்த ஈயமும் சரி செய்யாது. சந்தேகமென்றால் முன் சக்கரத்தைப் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள், உதறலும் கூடவே இடம் மாறினால் திருடன் பிடிபட்டான். அலைன்மென்ட்டை ஏன் கடைசியில் சொல்கிறேன் என்றால், அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கம் தேயும். உதறலுக்கு அதன்மேல் பழி போடுவது பாதி வியாபாரம்.

நம்மைச் சுற்றியே இன்று எத்தனை டயர் ஆலைகள்! 2010-ல் ஒரகடத்தில் அப்பல்லோ, 2012-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., 2020-ல் சியட். இப்படிப்பட்ட ஆலைகளில் கார் டயரை மெஷினில் சுழற்றி, எந்த இடத்தில் விறைப்பு அதிகம், எந்த இடத்தில் கனம் குறைவு என்று அளப்பார்கள். பல டயர்களில் பக்கச்சுவரில் சிவப்பு, மஞ்சள் என்று சின்னப் பொட்டு வைத்து அனுப்புவதும் உண்டு. மஞ்சள் பொட்டு கனம் குறைந்த இடம், அது வால்வுக்கு நேராக வர வேண்டும். சிவப்புப் பொட்டு விறைப்பு அதிகமான இடம், ரிம்மில் தாழ்ந்த இடத்துக்கு அடையாளம் இருந்தால் அதற்கு நேராக வர வேண்டும். கடையில் டயரை மாட்டும் பையனிடம் இதைக் கேட்டேன். "பெயிண்ட் சிந்திருக்கு சார்" என்று துணியை எடுத்துத் துடைத்தான்.