ஓடும் வண்டியில் ஒளி

மாணவர்களே, கடம்பத்தூர் வழியே செல்லும் இருப்புப்பாதை தென்னாட்டிலேயே மிகப் பழையது. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இப்பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. அக்காலத்தில் உலகின் எந்த இரயில் பெட்டியிலும் மின்விளக்கு இல்லை. நிலையாக நிற்கும் வீட்டிற்குக் கம்பி வழியே மின்சாரம் கொணரலாம். ஓடிக்கொண்டேயிருக்கும் வண்டிக்கு அதனை எவ்வாறு கொணர்வது? இவ்வினாவிற்கு விடை கண்ட வரலாற்றையே இன்று காண்போம்.

முதலில் எண்ணெய் விளக்கும், பின்னர் வாயு விளக்கும் பெட்டிகளில் எரிந்தன. வாயு நல்லொளி தந்தது. ஆயின் விபத்து நேர்ந்தால் அதுவே எமனாயிற்று. 1915ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், ஸ்காட்லாந்தில் குவின்டின்ஸ்ஹில் என்னுமிடத்தில் வண்டிகள் மோதின. பெட்டிகளிலிருந்த விளக்கு வாயு தீயை வளர்த்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மின்னொளி வெறும் வசதியன்று, உயிர்க்காப்பு என்பதை உலகம் இத்தகைய துயரங்களால் உணர்ந்தது.

1881ஆம் ஆண்டிலேயே இலண்டன் – பிரைட்டன் பாதையில் ஒரு பெட்டிக்குச் சேமக்கலங்களைக் கொண்டு மின்விளக்கு ஏற்றினர். ஆனால் கலத்தில் நிரப்பிய மின்சாரம் தீர்ந்தால் விளக்கும் அவியும். ஆகவே, உருளும் சக்கரத்தின் அச்சோடு ஒரு டைனமோவை வார்ப்பட்டையால் இணைத்து, ஓட்டத்திலிருந்தே மின்சாரம் எடுக்க முனைந்தனர். இலண்டன் ஸ்டோன் நிறுவனத்தார் 1890களில் இம்முறையைப் பரப்பினர்.

தீர்வு ஒன்று வந்ததும் இடர்கள் நான்கு வந்தன. வண்டி நின்றால் மின்சாரம் இல்லை. அதற்குச் சேமக்கலம் துணைநின்றது. வண்டி விரைந்தால் மின்னழுத்தம் மிகும். குறித்த வேகத்தைத் தாண்டியதும் பட்டை வழுக்குமாறு அமைத்தனர். வேகம் குறைந்தால் கலத்தின் மின்சாரம் டைனமோவிற்கே திரும்பிப் பாயும். அதனைத் துண்டிக்கத் தானியங்கு விசையொன்று வைத்தனர். வண்டி எதிர்த்திசையில் சென்றால் மின்முனைகள் மாறும். அதனைத் திருத்தவும் ஓர் அமைப்புச் செய்தனர்.

நம் நாட்டுப் பெட்டிகளில் முதலில் 24 வோல்ட்டும், பின்னர் 110 வோல்ட்டும் வழங்கின. டைனமோவின் இடத்தில் தேயும் தூரிகைகளற்ற ஆல்டர்னேட்டர் வந்தது. அது தரும் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக்கும் திருத்தி, முனை மாறுவதையும் மின்சாரம் பின்னோக்கிப் பாய்வதையும் ஒருங்கே தடுத்தது. இரண்டு இடர்களை ஒரே கருவி நீக்கியதைக் கவனியுங்கள்.

எனினும் பழுது நேராமலிராது. அதனைத் தேடும் முறையே நாம் கற்கத்தக்கது. ஒரு விளக்கு மட்டும் எரியாவிடில் குற்றம் விளக்கிலோ அதன் விசையிலோ இருக்கும். ஒரு வரிசை முழுதும் அவிந்தால் பியூஸைப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஒளிர்ந்து நின்றவுடன் மங்கினால் சேமக்கலம் வலுவிழந்தது எனலாம். ஓடும்போதே மெல்ல மெல்ல மங்கினால் கலத்திற்கு மின்சாரம் வரவில்லை. பட்டை அறுந்து வீழ்ந்திருக்கக்கூடும். அப்போது அடுத்த பெட்டியிலிருந்து மின்சாரம் பெறுவதற்காகப் பெட்டியின் முனைச்சுவரில் இணைப்புகள் உள்ளன.

கசிவைக் காண எளிய சோதனை ஒன்றுண்டு. ஒத்த இரு விளக்குகளைத் தொடராக இணைத்து, நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே பொருத்தி, நடுப்புள்ளியைப் பெட்டியின் இரும்புடலில் தொடுவர். இரண்டும் சமமாக ஒளிர்ந்தால் நலம். ஒன்று மங்கி மற்றொன்று ஓங்கினால், மங்கிய விளக்கின் பக்கத்துக் கம்பி எங்கோ உடலைத் தொடுகிறது என்பது பொருள்.

பியூஸ் மீண்டும் மீண்டும் உருகினால், தடித்த கம்பியை இட்டு மூடிவிடுதல் பெரும் பேதைமை. உருகும் கம்பி பகையன்று. தீ மூளுமுன் எச்சரிக்கும் காவலன். அதன் வாயை அடைப்பவன் பயணிகளின் உயிரோடு விளையாடுகிறான்.

இன்று கடம்பத்தூரில் நிற்கும் மின்தொடர் வண்டிகள் மேலே செல்லும் 25,000 வோல்ட்டுக் கம்பியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. அச்சினால் மின்னாக்கும் பழைய பெட்டிகள் குறைந்து வருகின்றன. ஆயினும், வீட்டு வசதிகளோடு அமைந்த சுற்றுலா ஊர்திகளில் எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர், சேமக்கலம், வெளியிணைப்பு என அதே மூன்றும் மீண்டும் வந்துள்ளன. அவற்றில் விளக்கு அவிந்தாலும் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே: மின்சாரம் எங்கே பிறக்கிறது? எங்கே தங்குகிறது? எவ்வழியே செல்கிறது? இவற்றை வரிசையாகக் கேட்பவனுக்கு இருளில் தடுமாற்றம் இல்லை.